லேப்டாப் கடைக்குப் போகும்போது உங்கள் வீடியோவையும் கொண்டு போங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்து கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் இருந்து ஒரே கேள்வி வந்தது: "எச்டி வீடியோ எடிட் பண்ண ஒரு லேப்டாப் வேணும், விலை கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம்?" ஒருவர் சமையல் வீடியோ போடுகிறவர். ஒருவர் பட்டாசுக் கடை வைத்திருப்பவர். தீபாவளிக்கு முன்னால் புது ரகங்களை வெடித்துக் காட்டி வீடியோ எடுக்கிறார். மூன்றாவது ஓர் அக்கா. அவர் லிஃப்டில் வைத்துக் கேட்டதை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

"தம்பி, பையன் எடிட்டிங் வேலைக்குப் போகப் போறான். 95,000 ரூபா லேப்டாப்தான் வேணும்னு நிக்கிறான். செயினை அடகு வச்சு வாங்கிக் குடுத்துரலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன். மாடல்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்துகொண்டால் அடுத்த வருஷமும் உதவும்.

முதலில், எச்டி என்றால் என்ன? பழைய கேசட், டிவிடி காலத்தில் நம் ஊரில் ஒரு படச் சட்டம் 720-க்கு 576 புள்ளிகள். மொத்தம் 4,14,720. இன்றைய முழு எச்டி, அதாவது 1080பி, 1920-க்கு 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. 4கே என்றால் அதற்கும் மேல் நான்கு மடங்கு. இப்படிப்பட்ட படங்கள் விநாடிக்கு 25 அல்லது 30 ஓடுகின்றன.

இவ்வளவையும் அப்படியே சேமித்தால் எந்த மெமரி கார்டும் தாங்காது. அதனால் கேமராவும் போனும் சுருக்கிச் சேமிக்கின்றன. ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்து வரும் படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சரவெடிக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஆனால் அது எப்படி வெடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் ஒரு வெடி வெடிக்க வேண்டுமானால், திரி முதலில் இருந்து எரிந்து வர வேண்டும். வீடியோவும் அப்படித்தான். நீங்கள் டைம்லைனில் ஒரு இடத்தைத் தொட்டால், லேப்டாப் அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டு வந்துதான் அந்த இடத்தைக் காட்டும். படம் பார்க்கும்போது நேராக ஓடிக்கொண்டே இருப்பதால் சிரமம் தெரியாது. எடிட்டிங்கில் முன்னும் பின்னும் தாவுகிறோம். அதனால்தான் "யூடியூப் நல்லா ஓடுது, எடிட் பண்ணா மட்டும் திக்குது" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இதில் இருந்து ஒரு விஷயம் புரிய வேண்டும். லேப்டாப் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. உங்கள் கேமராவோ போனோ எடுக்கும் வீடியோவை அது திக்காமல் பிரிக்குமா என்பதுதான் கேள்வி.

சரி, வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லேப்டாப்பை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். "புராக்ஸி" என்று ஒரு வழி இருக்கிறது. பெரிய வீடியோவுக்குப் பதிலாக, சுலபமாகப் பிரியும் சின்ன நகல் ஒன்றைச் செய்துகொண்டு அதில் வெட்டி ஒட்டுவது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருளே அசல் வீடியோவை எடுத்துக்கொள்ளும். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய இரண்டும் இலவசம், இரண்டிலும் இந்த வசதி உண்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு. ஆனால் அதற்கு லேப்டாப் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். சமையல் வீடியோ போடும் சகோதரிக்கு இதைத்தான் சொன்னேன். வாரத்துக்கு ஒரு வீடியோ, பத்து நிமிஷம். நகல் செய்ய ஆகும் நேரத்தில் அவர் பாத்திரம் கழுவி முடித்துவிடுகிறார். இதுவரை புது லேப்டாப் வாங்கவில்லை.

தினமும் எடிட் செய்து சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு அது போதாது. அவர்கள் வாங்கத்தான் வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிராசஸர். பெட்டியில் ஐ5, ஐ7 என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பல மாடல்களில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். 'யு' என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ரகம். 'எச்' என்றால் அதிக மின்சாரம் எடுத்துத் தொடர்ந்து வேலை செய்யும் ரகம். மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் ஓடும்போது 'யு' போட்ட ஐ7-ஐவிட 'எச்' போட்ட ஐ5 முந்துவது உண்டு. இன்னொன்று, இன்டெல் பிராசஸர்களில் வீடியோ பிரிப்பதற்கென்றே ஒரு பகுதி 2011-இல் இருந்து இருக்கிறது. குவிக் சிங்க் என்று பெயர். ஏஎம்டியிலும் அதுபோல உண்டு. புது போன்கள் எடுக்கும் எச்இவிசி வகை வீடியோவுக்கு அந்தப் பகுதி புதியதாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் பழைய வகை வீடியோ ஓடிவிட்டு, புது போன் வீடியோ மட்டும் திக்குவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, ரேம். 8 ஜிபி போதும் என்று கடையில் சொல்வார்கள். விண்டோஸ், பிரவுசர், எடிட்டிங் மென்பொருள் மூன்றும் திறந்தால் அது நிரம்பிவிடும். 16 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பணம் இல்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றால், கூட்ட முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மெலிதான பல லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த எம்1 வகை மேக்புக்குகள் வீடியோ வேலையில் நன்றாக ஓடும், பழையது விலை குறைவாகவும் கிடைக்கிறது. ஆனால் அதிலும் ரேம் வாங்கியதோடு சரி.

மூன்றாவது, எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள லேப்டாப்பை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். எவ்வளவு ஜிபி என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். விநாடிக்கு 28 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் எச்டி வீடியோ, மணிக்கு 12.6 ஜிபி எடுக்கும். 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால், 28 மெகாபிட்டில் 151 ஜிபி, 50 மெகாபிட்டில் 270 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் போக ஒரு கல்யாணம்தான் வசதியாக உட்காரும். முடிந்ததை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பட்டாசுக் கடை அண்ணாச்சி இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வானத்தில் விரியும் ஃபேன்சி ரகத்தில் ஒரு படத்தில் இருந்த பொறி அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. எல்லாமே மாறுவதால் சுருக்குவதற்கு எதுவும் கிடைக்காது. குறைந்த மெகாபிட்டில் எடுத்தால் பொறிகள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அதனால் கேமராவில் உள்ள அதிகபட்சத் தரத்தில் எடுங்கள். ஃபைல் பெரிதாகும், லேப்டாப்புக்கும் வேலை கூடும். கடையில் சோதிக்கும்போது பகலில் எடுத்த வீடியோவை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். ராத்திரி வெடித்த வீடியோவையே கொண்டு போங்கள்.

நான்காவது, கிராபிக்ஸ் கார்டு. 95,000 ரூபாய் லேப்டாப்பின் விலையைக் கூட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு. முழு எச்டியில் வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, பெயர் போட்டு, லேசாக நிறம் திருத்துவதற்குத் தனி கார்டு அவசியம் இல்லை. 4கே, டாவின்சி ரிசால்வில் கனமான நிற வேலை, நிறைய எஃபெக்ட் என்று போகும்போதுதான் அது விலைக்குரிய வேலையைச் செய்யும்.

ஐந்தாவது, திரை. அச்சகத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். புரூஃப் சரியில்லாமல் மெஷினை ஓட்டினால் ஆயிரம் தாளும் வீண். மலிவான திரைகளில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் சிவப்பு வெளுத்துத் தெரியும். அரக்குப் பட்டும் குங்குமமும் மங்கலாக இருக்கிறதே என்று நாம் நிறத்தைக் கூட்டுவோம். கல்யாண வீட்டு டிவியில் போட்டால் மணப்பெண் முகம் செங்கல் நிறத்தில் இருக்கும். "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று இருந்தால் நல்லது. பட்ஜெட்டில் அது கிடைக்காவிட்டால், அனுப்புவதற்கு முன்னால் வீட்டு டிவியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

ஆறாவது, சூடு. சித்திரை வெயிலில் நம் வீட்டு ஹாலே அடுப்பு மாதிரி இருக்கும். லேப்டாப் ஓர் அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஐ7 ஆனாலும் ஒன்றுதான். காற்றுத் துளைகள் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், துளை அடைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று பேட்டரியில் எக்ஸ்போர்ட் செய்து முடித்துவிடலாம் என்றும் நம்பாதீர்கள். பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய லேப்டாப் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொழிலுக்கு வாங்காதீர்கள்.

இப்போது அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, நீ எடிட் பண்ணப் போறது எந்த வீடியோ?" தன் போனில் எடுத்ததும், வேலை கொடுக்கப் போகிறவர் கேமராவில் எடுத்ததும் என்றான். எல்லாம் 1080பி. அதில் ஐந்து நிமிஷம் அதில் ஐந்து நிமிஷம் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு மூவரும் கடைக்குப் போனோம். கூட்டம் இல்லாத நேரமாக, ஒரு புதன்கிழமை மதியம். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்: "அண்ணாச்சி, இன்னிக்கு வாங்கத்தான் வந்திருக்கோம். ஆனா எங்க வீடியோவைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவோம்." அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு ஷாட்கட் மென்பொருளை ஏற்ற அனுமதித்தார்.

மூன்று லேப்டாப்பில் பார்த்தோம். வீடியோவை எஸ்எஸ்டிக்கு மாற்றி, டைம்லைனில் இரண்டு வரிசையாகப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்தோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டோம். அதில் ரேம் எவ்வளவு நிரம்புகிறது என்று தெரியும், ஜிபியு பகுதியில் "வீடியோ டிகோட்" என்ற கோடு ஏறுகிறதா என்றும் தெரியும். பிறகு சார்ஜரைச் செருகி, ஒரே வீடியோவை இரண்டு தடவை எக்ஸ்போர்ட் செய்தோம். இரண்டாவது தடவை அதிக நேரம் எடுத்தால், சூட்டில் வேகம் குறைகிறது என்று அர்த்தம்.

39,000 ரூபாய் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. உடனே நிரம்பித் திக்கியது. 95,000 ரூபாய்க்காரன் அழகாக ஓடினான், சந்தேகமே இல்லை. நடுவில் 58,000 ரூபாய்க்கு இருந்தது: 'எச்' ரக ஐ5, ரேம் 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. டைம்லைனில் இரண்டுக்கும் வித்தியாசம் பையனுக்கே தெரியவில்லை. எக்ஸ்போர்ட் மட்டும் இது கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. "அந்த நேரத்துல நீ டீ குடிச்சுட்டு வரலாம்டா" என்றார் அக்கா. செயின் இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது.

மலிவானதை வாங்கியிருந்தால் ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்க வேண்டி வந்திருக்கும். விலை அதிகமானதை வாங்கியிருந்தால் முதல் வருஷ சம்பாத்தியம் வட்டிக்கும் அசலுக்கும் போயிருக்கும். பையனுக்குப் பிறகு 4கே வேலை வந்தால், அந்த வருமானத்தில் அடுத்ததை வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் முக்கியமாக இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன்.

நான் எடிட்டிங்குக்கு வந்த புதிதில், கையில் இருந்த பணம் முழுவதையும் லேப்டாப்பில் போட்டேன். வெளி டிஸ்க் வாங்கப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாத்தூர்ப் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணம் எடுத்தேன். மெமரி கார்டை அடுத்த விசேஷத்துக்காக அழித்துவிட்டேன். நான்காம் நாள் லேப்டாப்பின் டிஸ்க் போய்விட்டது. ரிப்பேர்க் கடை எதிலும் மீட்க முடியவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்களும் பெருந்தன்மையாகத்தான் பேசினார்கள். அடுத்த வருஷம் அந்தப் பெரியவர் தவறிவிட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் என்னிடம் கோபப்படவில்லை. "அப்பா பேசுன வீடியோ வேற எங்கயாவது கொஞ்சம் இருக்குமா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் உங்கள் பட்ஜெட் 60,000 என்றால் லேப்டாப்புக்கு 60,000 என்று நினைக்காதீர்கள். அதற்குள்ளேயே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு லேப்டாப் பாருங்கள். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒரு பிரதி டிஸ்க்கில், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கும் டிஸ்க்கில். எதிர் பிளாக்கில் சொந்தக்காரர் இருந்தால் அவர் பீரோவே போதும். மூன்றும் ஆகும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள். லேப்டாப் கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கல்யாணத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் கடையில் கொடுக்கும் விலைப் பட்டியலை வாங்கிக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன்னால், ஞாயிறு சாயங்காலம் கூட்ட அறைக்கு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்க்கலாம். தொழிலுக்காக வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் பில்லில் அந்த எண்ணைப் போடச் சொல்ல மறக்காதீர்கள். வரி 18 சதவீதம், சும்மா விடுகிற தொகை அல்ல. பென்டிரைவ் இல்லை என்றால் என்னிடம் இரண்டு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பிக் கொடுத்தால் போதும்.